பேரினம் புதிதா? புதர்வெட்டுக்கிளியை விவரிக்கத் தொடங்குபவர்களுக்கு

பெயர் கண்டுபிடிக்க உதவும், படிப்படியான கேள்விகள் கொண்ட அடையாளத் திறவுகோலைத் திறந்து வைத்துக்கொண்டு பூச்சியை மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைக்கிறீர்கள். முன்மார்பின் அடியில் முள் இருந்தால் ஏழுக்குப் போ, இல்லாவிட்டால் பன்னிரண்டுக்குப் போ என்கிறது. போகிறீர்கள். ஐந்தாறு படி தாண்டியதும் ஓரிடத்தில் இரண்டு கதவும் சாத்தியிருக்கின்றன. முள் இருக்கிறது, ஆனால் காதுத் துளை அங்கே சொன்ன மாதிரி இல்லை. திரும்பி வந்து வேறு வழியில் போனாலும் அதே கதைதான். அந்த நேரத்தில் மனசு "புதுப் பேரினம்!" என்று கத்தும். கத்தட்டும். பெரும்பாலும் தப்பு திறவுகோலில் இருக்கும், அல்லது நம் கண்ணில் இருக்கும். எப்போதாவது உண்மையிலேயே புதிதாகவும் இருந்துவிடும். அந்த எப்போதாவதுக்கான வழிதான் இது.

ஆங்கிலத்தில் புஷ் கிரிக்கெட் என்றும் கேட்டிடிட் என்றும் சொல்லப்படும் டெட்டிகோனிடே குடும்பத்துக்குத் தமிழில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பெயர் இல்லை. இங்கே புதர்வெட்டுக்கிளி என்றே எழுதுகிறேன். உலகில் இதுவரை 8,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் பதிவாகியிருக்கின்றன.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். புதிய சிற்றினம் என்றால் "இது வேறு" என்று காட்டினால் போதும். பேரினம் என்பது தனிக்குடித்தனம் வைக்கிற மாதிரி. யாருக்கு உறவு, ஏன் அந்த வீட்டிலேயே இருக்க முடியாது, இது வெளியே போனால் பழைய வீடு உடையாமல் நிற்குமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் வேண்டும். வித்தியாசங்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போகிறவர்கள் மூன்றாவது கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படி 1: கையில் இருப்பது என்ன?

உணர்கொம்பு உடலைவிட நீளமாக, நூல் மாதிரி இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் அது வேறு கூட்டத்து வெட்டுக்கிளி. பாதத்தில் நான்கு கணுக்கள் இருக்க வேண்டும், சுவர்க்கோழிகளுக்கு மூன்றுதான். பெண்ணின் முட்டையிடும் உறுப்பு தட்டையான கத்தி அல்லது அரிவாள் போல இருக்கும். சுவர்க்கோழிக்கு அது ஊசி. ஆணின் முன் இறக்கைகளில் இடது மேலேயும் வலது கீழேயும் கிடக்கும். சுவர்க்கோழியில் இது நேர்மாறு. இவ்வளவும் சரியாக இருந்தால் குடும்பத்தில் சந்தேகம் இல்லை.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி: இது வளர்ந்த பூச்சியா? நான் ஆரம்பத்தில் குட்டை இறக்கையுள்ள ஓர் ஆணை இரண்டு மாதம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். படம் வரைந்தேன், பெயர்கூட யோசித்துவிட்டேன். கடைசியில் அது எங்கும் கிடைக்கிற ஒரு சிற்றினத்தின் இளம்பருவம். கண்டுபிடிக்கும் வழி மிக எளிது. கடைசிப் பருவங்களில் இருக்கும் குஞ்சுகளில் பின் இறக்கையின் மொட்டு முன் இறக்கையின் மொட்டை மூடிக்கொண்டு மேலே கிடக்கும். வளர்ந்த பூச்சியில், இறக்கை எவ்வளவு குட்டையாக இருந்தாலும், முன் இறக்கைதான் மேலே இருக்கும். ஊசி நுனியால் ஒருமுறை தூக்கிப் பார்த்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இளம்பருவத்தை மட்டும் வைத்துப் பேரினம் எழுதவே வேண்டாம். ஆண் கிடைக்காமல் பெண்ணை மட்டும் வைத்து எழுதுவதையும் முடிந்தவரை தவிருங்கள். ஏன் என்பது நான்காம் படியில் புரியும்.

படி 2: மாதிரியைக் கெடுக்காமல் வையுங்கள்

பச்சை நிறம் நிற்காது. ஆல்கஹாலில் போட்டாலும் காயவைத்தாலும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். அதனால் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள்: மேலிருந்து, பக்கவாட்டில், முகம் நேராக, பின்முனை நெருக்கமாக. பெரிய உடம்புள்ளவற்றைக் காயவைப்பதானால் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அழுகிக் கறுத்துவிடும். ஊசியை முன்மார்புத் தகட்டின் பின்பகுதியில், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகக் குத்துங்கள். நடுவில் இருக்கும் கோடும் மேடும் சேதமாகாது. டிஎன்ஏவுக்கு ஒரு பின்காலைக் கழற்றி 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் தனியாக வையுங்கள். காலுக்கும் உடலுக்கும் ஒரே எண் கொண்ட லேபிள் போடுங்கள். எண் இல்லாத கால் வெறும் கால்தான்.

பூச்சி பிடிக்க, வெளிநாட்டுக்கு அனுப்ப, மரபணுப் பொருளைப் பயன்படுத்த அனுமதி வேண்டும். மரபணு வளங்களின் பயன்பாடு பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா உடன்படிக்கை 2014இல் நடைமுறைக்கு வந்த பிறகு, அனுமதி எண்ணைக் கேட்காத ஆய்விதழ்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

படி 3: அக்கம்பக்கத்தை அறியுங்கள்

துணைக்குடும்பத்தைத் தீர்மானித்த பிறகு, அதில் உங்கள் பூச்சிக்கு நெருக்கமாகத் தெரியும் பேரினங்களைப் பட்டியலிடுங்கள். ஆர்த்தாப்டெரா ஸ்பீசிஸ் ஃபைல் என்ற இணையத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு பேரினத்துக்கும் டைப் சிற்றினம் எது, டைப் மாதிரி (ஒரு சிற்றினத்தின் பெயர் கட்டப்பட்டிருக்கும் அசல் பூச்சி) எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பது இருக்கும். பலவற்றுக்குப் படமும் உண்டு. உங்கள் ஊர்ப்பக்கத்துப் பேரினங்களோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்துக் கண்டத்தில் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டிருப்பார்கள்.

டைப் சிற்றினம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு பேரினத்தின் பெயர் அதன் எல்லாச் சிற்றினங்களோடும் கட்டப்பட்டிருக்கவில்லை. ஒன்றே ஒன்றோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஒப்பிட வேண்டியது அந்த ஒன்றோடு. கைக்கு எளிதாகக் கிடைத்த வேறொரு சிற்றினத்தோடு ஒப்பிட்டுவிட்டு "இந்தப் பேரினத்திலிருந்து வேறுபடுகிறது" என்று எழுதினால், அந்தச் சிற்றினமே தவறான பேரினத்தில் வைக்கப்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் ஒப்பீடு முழுதும் வீண்.

பழைய விவரிப்புகள் லத்தீனிலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் இருக்கும், பல நேரம் நான்கே வரிதான். ஃபனெராப்டெரிடுகள் என்ற புதர்வெட்டுக்கிளிக் குழுவைப் பற்றி 1878இல் பெரிய தொகுப்பு எழுதிய புரூனர் ஃபான் வாட்டென்வில்லின் சேகரிப்பு வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட பழைய பெயர் ஒன்று உங்கள் பட்டியலில் இருந்தால், அங்கே எழுதி டைப் மாதிரியின் படம் கேளுங்கள். என்ன பார்க்க வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கேட்க வேண்டும்: "ஆணின் பின்முனை, மேலிருந்தும் கீழிருந்தும், இடது முன்கால், காதுப்பகுதி, இருபக்கமும்." வெறுமனே படம் அனுப்புங்கள் என்றால் முழுப் பூச்சியின் அழகான படம் ஒன்று வரும். எதற்கும் உதவாது.

படி 4: எந்த அடையாளத்துக்கு எவ்வளவு எடை?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாகும், ஆகவும் வேண்டும்.

முதலில் எடை போடக்கூடாதவை. நிறம் வேண்டாம், ஒரே சிற்றினத்தில் பச்சையும் பழுப்பும் சகஜம், சிலவற்றில் இளஞ்சிவப்புகூட உண்டு. உடல் அளவு வேண்டாம். இலை மாதிரியான இறக்கை பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் இலையைப் போல மாறுவது பல கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. அதை உறவுக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. இறக்கையின் நீளம் அதைவிட ஏமாற்றும். ஐரோப்பாவில் ரோசெலியானா ரோசெலியி என்ற புல்வெளிப் பூச்சி வழக்கமாகக் குட்டை இறக்கையோடு இருக்கும்; அதிலேயே நீள இறக்கை கொண்டவையும் பிறக்கும். இரண்டும் ஒரே சிற்றினம். அறியாதவர் கையில் கிடைத்தால் இரண்டு பேரினம் ஆகியிருக்கும்.

அதே பூச்சி இன்னொரு பாடமும் சொல்லும். 1822இல் ஹாகன்பாக் விவரித்த அது நெடுங்காலம் மெட்ரியாப்டெரா என்ற பேரினத்தில் இருந்தது. 1941இல் சாய்னர் ரோசெலியானாவைத் தனியாகப் பிரித்தார். பிறகும் பல புத்தகங்கள் பழைய பெயரிலேயே எழுதிவந்தன. பூச்சி மாறவில்லை, எல்லைக்கோடு மாறியது. 1758இல் லின்னேயஸ் கும்பிடுபூச்சியையும் சுவர்க்கோழியையும் வெட்டுக்கிளியையும் சேர்த்து கிரில்லஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கோட்டை மனிதர்தான் போடுகிறார்கள். எங்கே ஏன் போட்டோம் என்று சொல்ல வேண்டிய பொறுப்பும் அவர்களுடையதுதான்.

எடையுள்ளவை பெரும்பாலும் ஆணின் பின்முனையில் இருக்கின்றன. வயிற்றின் கடைசி மேல்தகடு எப்படி முடிகிறது, பிளவு உண்டா, நீட்சி உண்டா. பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் செர்கஸ் என்ற கொக்கி எங்கே வளைகிறது, உட்பல் எத்தனை, எந்த இடத்தில். கீழ்த்தகட்டின் நுனியில் ஸ்டைலஸ் என்னும் சிறு முளைகள் உண்டா. சில குழுக்களில் உள்ளே டிட்டிலேட்டர் என்ற கெட்டியான உறுப்பும் இருக்கும். அதை வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் சதையைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். முதல் தடவை இதைச் சாதாரண மாதிரியில் பழகுங்கள். ஒரே ஒரு ஆண் இருக்கும்போது பழகக்கூடாது.

பெண்ணில் கீழ்த்தகடும் முட்டையிடும் உறுப்பின் வளைவும் விளிம்புப் பற்களும் பார்க்கத்தக்கவை. ஆனால் அந்தக் கத்தியின் வடிவம் எங்கே முட்டையிடுகிறது என்பதைப் பொறுத்தும் மாறும் என்பதால் தனியாக நம்ப முடியாது.

அடுத்து உடலின் சட்டகம்: உச்சந்தலை முன்னோக்கி நீளும் முனையின் அகலம், முன்மார்புத் தகட்டின் பக்க மடல், முன்மார்பின் அடிமுட்கள், கால்களில் முட்களின் எண்ணிக்கையும் வரிசையும். முன்காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே காது இருக்கிறது. அது நீள்வட்டமாகத் திறந்திருக்கிறதா, இருபுறமும் மடிப்பு மூடி ஒரு கீறலாகத் தெரிகிறதா, ஒருபக்கம் திறந்தும் மறுபக்கம் மூடியும் இருக்கிறதா என்று பாருங்கள். இடது காலையும் வலது காலையும் இரண்டையும் பாருங்கள். ஒரு முள் உடைந்து போயிருப்பது புதுப் பேரினம் அல்ல.

ஒரே வேலையைச் செய்யும் நான்கு அடையாளங்களை நான்கு சாட்சி என்று எண்ணாதீர்கள். இறக்கை குட்டையானால் இறக்கை நரம்புகள் குறையும், மார்புத் தகட்டின் வடிவமும் மாறலாம். மூன்றும் ஒரே மாற்றத்தின் மூன்று முகம். காது, செர்கஸ், கால் முட்கள் என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று இடங்களில் வித்தியாசம் கிடைத்தால் வழக்கு பலமாகிறது.

படி 5: அரத்தை எண்ணுங்கள்

ஆண் பாடுவது இறக்கையால். இடது இறக்கையின் அடிப்புறத்தில் ஒரு நரம்பு தடித்து, பற்கள் வரிசையாக முளைத்து, நிஜமாகவே ஓர் அரம் மாதிரி இருக்கும். வலது இறக்கையின் விளிம்பு அதைச் சுரண்டும். வலது இறக்கையில் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு ஒன்று அந்த ஒலியைப் பரப்பும்.

காய்ந்த மாதிரியை ஈரப் பெட்டியில் ஒருநாள் வைத்து இளக்குங்கள். மெல்லிய ஊசியை இடது இறக்கைக்கு அடியில் நுழைத்துத் தூக்கி, அடியோடு ஒட்டிச் சின்னக் கத்தரியால் வெட்டி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிடுங்கள். சுருக்கம் போனதும் அடிப்புறம் மேலே வருமாறு கண்ணாடித் தகட்டில் வைத்து, விளக்கை மிகத் தாழ்வாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது; பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். இரு முனையிலும் பற்கள் சிறுத்துச் சிறுத்து வெறும் மேடாகிவிடும். எதுவரை பல், எங்கிருந்து மேடு என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, அந்த விதியைக் கட்டுரையில் எழுதி, மூன்று தடவை எண்ணுங்கள். அரத்தின் நீளத்தையும் அளந்து ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பல் என்று சொல்லுங்கள். எண்ணி முடித்த இறக்கையை ஒரு சிறிய அட்டையில் ஒட்டி அதே ஊசியில் குத்திவிடுங்கள். தனி உறையில் போட்டு வைத்தால் ஒருநாள் தொலையும்.

பாட்டைப் பதிவு செய்ய முடிந்தால் செய்யுங்கள், கூடவே வெப்பநிலையைக் குறியுங்கள். வெப்பம் ஏற ஏற ஒலித்துடிப்புகள் வேகமாகும். செல்போன் ரெக்கார்டிங்கை நம்பாதீர்கள். 2014இல் கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகளிலிருந்து விவரிக்கப்பட்ட சூப்பர்சோனஸ் என்ற பேரினத்தில் ஒரு சிற்றினம் சுமார் 150 கிலோஹெர்ட்ஸில் பாடுகிறது. மனிதக் காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். நொடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் சாதாரண ரெக்கார்டரில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் விழாது. அந்தப் பூச்சியைப் பிடிக்க நொடிக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் வேண்டும். பூச்சி ஊமை என்று எழுதுவதற்கு முன் கருவியைச் சந்தேகப்படுங்கள்.

ஆனால் பாட்டு வேறு என்பதற்காகப் பேரினம் வேறு என்று சொல்லிவிடாதீர்கள். தென்னிந்தியாவில் மெக்கோபோடா என்ற பேரினத்துப் புதர்வெட்டுக்கிளிகளில் உருவத்தில் பிரித்தறிய முடியாதவையே பல வகையாகப் பாடுகின்றன. பாட்டு சிற்றினத்தைப் பிரிக்க நல்ல சாட்சி. பேரினத்துக்கு அரத்தின் அமைப்புதான் பேச வேண்டும்.

படி 6: பழைய வீடு உடைகிறதா?

இதற்கு டிஎன்ஏ உதவும். பலரும் எடுக்கும், சிஓஐ என்ற மரபணுவின் பார்கோடு துண்டு 658 எழுத்து நீளம். சிற்றினங்களைப் பிரிக்க நல்லது, பேரினங்களின் உறவைச் சொல்ல அது மட்டும் போதாது. 16எஸ், 28எஸ், ஹிஸ்டோன் எச்3 போன்ற வேறு மரபணுக்களையும் சேருங்கள். வெட்டுக்கிளி, சுவர்க்கோழி வகைப் பூச்சிகளில் மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் போலிப் பிரதிகள் உட்கருவுக்குள் ஏராளம். சிஓஐ எழுத்து வரிசையின் நடுவே, புரத உருவாக்கத்தை நிறுத்தச் சொல்லும் நிறுத்தக் குறி வந்தால் நீங்கள் படித்தது போலி. தூக்கிப் போடுங்கள்.

டிஎன்ஏவிலிருந்து உறவு மரம் வந்ததும் உங்கள் பூச்சி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய பேரினத்துக்கு வெளியே, பக்கத்துக் கிளையாக இருந்தால் சிக்கல் இல்லை. அந்தப் பேரினத்தின் நடுவே இருந்தால், எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், அதைப் பிய்த்து எடுக்கக்கூடாது. எடுத்தால் மீதி இருப்பவை ஒரே முன்னோரின் முழு வம்சமாக இருக்காது. அப்போது அதைப் புதிய சிற்றினமாக அங்கேயே வைக்க வேண்டும், அல்லது பழைய பேரினத்தையே முழுதாகத் திருத்தி எழுத வேண்டும். புதிதாக வருபவர் முதலாவதைச் செய்வதே நல்லது.

படி 7: எழுதுதல்

விவரிப்பு வேறு, வேறுபாட்டுக் குறிப்பு வேறு. விவரிப்பில் தலை முதல் பின்முனை வரை எல்லாம் வரலாம். வேறுபாட்டுக் குறிப்பில் பிரிக்கிறவை மட்டும். 1930க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு, பிரித்துக் காட்டும் அடையாளங்கள் சொற்களில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விலங்குப் பெயரிடல் விதி; படம் மட்டும் போதாது.

மோசமான குறிப்பு இப்படி இருக்கும்: "உணர்கொம்பு நீளமானது. பச்சை நிறம். செர்கஸ் வளைந்தது." முதலாவது குடும்பம் முழுவதற்கும் பொருந்தும், இரண்டாவது பாதிக் குடும்பத்துக்கு. கற்பனைக்கு ஒரு நல்ல குறிப்பு: "செர்கஸின் நடுவில் ஒரே ஒரு உட்பல், நுனி பின்னோக்கி வளைந்தது, அ பேரினத்தில் பல் அடிப்பகுதியில், நுனி நேரானது, ஆ பேரினத்தில் பல் இல்லை. முன்காலின் காது இருபுறமும் திறந்தது. அ, ஆ இரண்டிலும் உட்புறம் கீறலாக மூடியது." ஒவ்வொரு வரியிலும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இருக்க வேண்டும். கடைசியில் பழைய திறவுகோலைத் திருத்தி, உங்கள் பேரினம் எந்த எண்ணில் நுழைகிறது என்று காட்டுங்கள். எந்தக் கதவு சாத்தியிருந்து இந்த வேலை தொடங்கியதோ, அதை அடுத்தவருக்குத் திறந்துவிடுவது அந்தத் திருத்தம்தான்.

படி 8: பெயர்

விலங்குலகில் இரண்டு பேரினங்களுக்கு ஒரே பெயர் இருக்கக்கூடாது. வண்டு, நத்தை, புதைபடிவம் எல்லாம் கணக்கு. தாவரப் பெயர் கணக்கில்லை. ஒரே ஓர் எழுத்து மாறினாலும் வேறு பெயர்தான் என்றாலும், அப்படி வைத்துக் குழப்ப வேண்டாம். பேரினப் பெயருக்கு லத்தீன் இலக்கணப்படி ஆண்பால், பெண்பால், அலிப்பால் உண்டு. அதை வெளிப்படையாக எழுதுங்கள். சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் அதோடு இசைய வேண்டும்: ஆண்பாலான கோனோசெஃபாலஸில் ஃபஸ்கஸ் என்று இருப்பது, பெண்பால் பேரினத்துக்குப் போனால் ஃபஸ்கா ஆகிவிடும். வேறு பேரினத்திலிருந்து ஒரு சிற்றினத்தை உங்களுடையதற்கு மாற்றினால், அதை முதலில் விவரித்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள் போகும்: ரோசெலியானா ரோசெலியி (ஹாகன்பாக், 1822) என்பது போல. உங்கள் பெயரையே வைத்துக்கொள்ள விதி தடுக்கவில்லை. ஆனால் காலத்துக்கும் சிரிப்பார்கள்.

விதிப்படி விட்டுவிடக்கூடாதவை: புதிய பேரினம் என்று வெளிப்படையான அறிவிப்பு, டைப் சிற்றினம் எது என்ற ஒரு வரி, அந்தச் சிற்றினமும் புதிதானால் ஹோலோடைப் (பெயரைத் தாங்கும் அந்த ஒரு பூச்சி) எது, எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்ற குறிப்பு. டைப் சிற்றினத்தை மறந்தால், கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெயர் செல்லாது. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் பெயரிடல் விதியின் 2012 திருத்தத்தின்படி, வெளிவருவதற்கு முன்பே விலங்குப் பெயர்ப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, பதிவு எண்ணைக் கட்டுரைக்குள்ளேயே போட வேண்டும். அச்சாகும்வரை பெயரை எங்கும் பகிராதீர்கள்.

கட்டுரை வெளியானதும் மாதிரிகள் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஹோலோடைப்புக்குச் சிவப்பு லேபிள் வழக்கம். ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிப்பிட்ட மற்ற மாதிரிகளான பாராடைப்புகளுக்கும் தனித்தனி லேபிள் எழுதுங்கள், வெட்டிய இறக்கை அட்டை அதே ஊசியில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். யாரோ முன்பு தவறாக அடையாளம் கண்டு எழுதிய பழைய லேபிள் ஊசியில் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். உங்களுடையதை அதற்குக் கீழே குத்துங்கள்.